லேசருக்கு முன்னும் பின்னும்: கண்ணாடியைக் கழற்றப் போனவர்களின் அனுபவங்கள்

மலைக்கோட்டை அடிவாரம்

தை மாதம் கல்யாணம் என்று முடிவானதுமே அம்மா என் கண்ணாடிப் பேச்சை எடுத்துவிட்டார். ஏழாம் வகுப்பிலிருந்து போடுகிறேன். வலது கண் மைனஸ் 5.5, இடது மைனஸ் 6.25, கொஞ்சம் சிலிண்டர் பவரும் உண்டு. கழற்றி வைத்தால் எதிரில் நிற்பவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்றுகூடத் தெரியாது. லேசர் செய்துகொள்ளலாம் என்று அம்மா சொன்னபோது எனக்கும் ஆசைதான்.

முதலில் போன இடத்தின் பேர் வேண்டாம். கண்ணைப் பார்க்கும் முன்பே எந்த பேக்கேஜ் வேண்டும் என்று கேட்டார்கள். இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவதாகக் கேட்ட மருத்துவமனையில் போனிலேயே, "கான்டாக்ட் லென்ஸ் போடுவீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும், இரண்டு வாரம் போடாமல் இருந்துவிட்டு வரச் சொன்னார்கள். லென்ஸ் கருவிழியை அமுக்கி அதன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்குமாம். உடனே அளந்தால் அளவு தப்பாக வரும். கெட்டி லென்ஸ் போடுகிறவர்கள் இன்னும் அதிக நாள் விட வேண்டுமாம்.

போன அன்று காலை எட்டரையிலிருந்து மதியம் வரை பரிசோதனைதான். கீழ் இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று பார்க்கவாம். பிறகு ஒரு மெஷினில் தாடையை வைத்து, இமைக்காமல் உள்ளே பார்க்கச் சொன்னார்கள். அது கருவிழியின் மேடு பள்ளங்களை வரைபடமாக (மேப்) எடுக்கும். கடைசியில் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்தார்கள்.

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வலது கண் படம் பச்சையும் மஞ்சளுமாக, ஓரளவு இரண்டு பாதியும் ஒன்று போல இருந்தது. இடது கண்ணில் கீழ்ப்பாதியில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "கண்ணைத் தேய்ப்பீங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா சொல்லிவிட்டார், "சின்ன வயசிலேர்ந்து தேய்ப்பா டாக்டர். விரல் முட்டியை வச்சு."

எனக்குத் தூசி அலர்ஜி. காலையில் எழுந்ததும் இரண்டு கண்ணையும் அழுத்தித் தேய்த்தால்தான் நிம்மதி. அது கருவிழியைக் கெடுக்கும் என்று இருபத்தாறு வயது வரை யாரும் சொன்னதில்லை.

டாக்டர் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். சராசரியாகக் கருவிழியின் தடிமன் 540 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). எனக்கு 476. லாசிக் என்றால் மேலே 110 மைக்ரான் போல ஒரு மெல்லிய மடல் வெட்டித் திறப்பார்கள். அதன் அடியில் ஒவ்வொரு பவருக்கும் 12 முதல் 15 மைக்ரான் வரை லேசர் செதுக்கி எடுக்கும். ஆறே கால் பவருக்கு 85, 90 போய்விடும். மிச்சம் 280க்குப் பக்கத்தில். குறைந்தது 250 நிற்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 300 இருந்தால்தான் நிம்மதி என்கிற டாக்டர்கள் நிறைய. தடிமன் மட்டும் பிரச்சினை என்றால் எல்லைக்கோட்டில் நின்றிருப்பேன். வடிவம்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கெரட்டோகோனஸ் என்று ஒன்று உண்டு. கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அதன் ஆரம்பமாக இருக்கலாம் என்றார். அந்தக் கண்ணில் லேசர் வைத்து இன்னும் மெலிய வைத்தால் சில வருடங்களில் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாத நிலை வரலாம் என்றார்.

ஆட்டோவில் வரும்போது அழுதேன். இப்போது அந்த டாக்டரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. மணவறையில் கண்ணாடியோடுதான் உட்கார்ந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேப் எடுக்கிறேன். கூம்பு கூடினால் ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சை உண்டு. அதுவரை தேய்ப்பதில்லை. அலர்ஜிக்குச் சொட்டு மருந்தும் குளிர்ந்த தண்ணீர்த் துணியும்தான்.

லேசர் செய்தவர்கள், செய்ய முடியாமல் போனவர்கள், இரண்டு பேரும் நடந்ததை அப்படியே எழுதுங்கள். நிறைய பேருக்கு உதவும்.

பீளமேடு லேத்

நான் செய்துகொண்டவன், தோழி. மைனஸ் 3.5. மெஷின் ஷாப்பில் கூலன்ட் ஆயில் தெறித்துத் தெறித்து நாளைக்குப் பத்து தடவை கண்ணாடி துடைக்கும் வேலை எனக்கு. இரண்டு வருடமாகப் பவர் மாறவில்லை என்று பழைய சீட்டுகளைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள்.

மரத்துப் போக சொட்டு விட்டார்கள். இமை மூடாமல் ஒரு கிளிப். அப்புறம் ஒரு வளையம் கண்ணின் மேல் உட்கார்ந்து அழுத்தியது. அப்போது பார்வை அப்படியே இருட்டிவிடும். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் பயந்துவிட்டேன். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். மடலைத் திறந்ததும் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போல இருந்தது. "பச்சை வெளிச்சத்தையே பாருங்க" என்றார்கள். டக்டக்கென்று சத்தம். முடி பொசுங்குகிற வாசனை. ஒரு கண்ணுக்கு லேசர் ஓடியது அரை நிமிடம்கூட இருக்காது.

அன்று சாயங்காலம் வரை வெங்காயம் நறுக்கியது போல எரிச்சல். மறுநாள் விடியற்காலை படுத்தபடியே சுவரைப் பார்த்தேன். நாள்காட்டியில் தேதி தெரிந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ராகுகாலமும் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து என்ன என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ஆனால் வறட்சியைப் பற்றி எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. மடல் வெட்டும்போது கருவிழியின் மெல்லிய நரம்புகளும் அறுபடும். கண் காய்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய நரம்பே அதுதான். அது திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும். ஏ.சி. பஸ்ஸில் மணலைப் போட்டது போல உறுத்தும். ஆறு மாதம் செயற்கைக் கண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகவில்லை. முதல் மூன்று மாதம் அவினாசி ரோட்டில் இரவு வண்டி ஓட்டவே இல்லை. எதிர் வண்டி லைட்டைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டம் தெரியும். இப்போது இரண்டும் நன்றாகக் குறைந்துவிட்டன. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள் செய்வதற்கு முன்பே கண்ணீர் சோதனை கேட்டு வாங்குங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. அந்தப் பொசுங்கல் வாசனை வந்ததே, உள்ளே ஏதாவது கருகியதா?

பாளையங்கோட்டை வாத்தியார்

கருகவில்லை தம்பி. கருகாமல் வெட்டும் என்பதால்தான் இந்த லேசரைக் கண்ணுக்கே கொண்டுவந்தார்கள். முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னையில் பிறந்தவர். ரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போய் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். 1981 நவம்பரில், அவர்கள் ஊர் விருந்து நாள் முடிந்த மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுவந்து அதன் மேல் எக்ஸைமர் லேசரை அடித்துப் பார்த்தார். 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி. வேறு லேசர் பட்ட இடம் கருகியது. இது பட்ட இடம் மட்டும் சுத்தமாக வெட்டுப்பட்டது, பக்கத்துத் திசு அப்படியே இருந்தது. இந்த ஒளி திசுவின் மூலக்கூறுப் பிணைப்பையே உடைத்து ஆவியாக்கிவிடுகிறது. சூடு பக்கத்தில் பரவ நேரமே இல்லை. ஸ்டீபன் ட்ரோக்கெல் என்ற கண் டாக்டர் 1983-ல் இதை மாட்டுக் கண்ணில் செய்து பார்த்தார். நீங்கள் முகர்ந்தது அப்படி ஆவியான திசுவின் வாசனை. சீனிவாசனுக்கு 2013-ல் ஒபாமா கையால் பதக்கம் கிடைத்தது; உடன் வேலை பார்த்த பிளம், வின் இருவருக்கும் அதே பதக்கம்தான். அந்தப் படத்தை வகுப்பில் ஒட்டி வைத்திருந்தேன்.

என் மகளுக்குச் செய்தது பி.ஆர்.கே. மடல் கிடையாது; மேல்தோலை எடுத்துவிட்டு நேராக லேசர். கருவிழி மெலிதானவர்களில் சிலருக்கு இது ஒத்துவரும். ஆனால் முதல் நான்கு நாள் பிள்ளை பட்ட பாடு சொல்லி மாளாது. ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கினோம். பார்வை தெளிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அவளுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள். போகும்போதெல்லாம் கண் அழுத்தம் அளந்தார்கள். அதில் மிஞ்சிய பாட்டிலை என் தங்கை, கண் சிவந்திருக்கிறது என்று எடுத்துப் போடப் பார்த்தாள். பிடுங்கிக் குப்பையில் போட்டேன். டாக்டர் பார்க்காமல் அந்த மருந்தை மாதக்கணக்கில் விட்டால் சிலருக்கு அழுத்தம் ஏறி க்ளாக்கோமா வரும். அதில் போன பார்வை திரும்பாது. இன்னொன்று, லேசர் செய்த கருவிழி மெலிந்திருப்பதால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் லேசர் செய்த கண் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அரக்கோணம் லைன்

சுருக்கமாகச் சொல்கிறேன். என் தம்பிக்கு ரயில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. கண்ணாடி இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்ல, கடன் வாங்கி லாசிக் செய்துகொண்டான். உதவி லோகோ பைலட் அறிவிப்பிலேயே லாசிக் செய்தவர்களுக்குத் தகுதி இல்லை என்று போட்டிருக்கிறது. நாங்கள் அதைப் படித்தது ஆபரேஷனுக்குப் பிறகு. கண் அருமையாகத் தெரிகிறது அவனுக்கு. வேறு வேலைக்குப் போய்விட்டான். ஆனால் ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போது அவன் எஞ்சினைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியாது. ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று குறி வைத்திருக்கிற பிள்ளைகள் அறிவிப்பை வரி வரியாகப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

மாயவரத்து அக்கா

எனக்கு இப்போது 46. மைனஸ் 7 இருந்தது. லாசிக் செய்து பதினான்கு வருடம். கண்ணாடி போனதோடு கண் டாக்டரையும் மறந்துவிட்டேன். பவர் இல்லையே, எதற்குப் போக வேண்டும் என்ற நினைப்பு.

போன மாசி மாதம் ஒரு ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு, வலது கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது. மழை வரப்போகிறது என்று நினைத்து மாடியில் காயப்போட்ட வற்றலை எடுக்கப் போனேன். வானம் துல்லியமாக இருந்தது. காலையில் அரிசி களையும்போது தண்ணீரில் கறுப்பாக ஏதோ மிதக்கிறது என்று இரண்டு தடவை வடித்தேன். சுவரைப் பார்த்தால் அங்கேயும் மிதந்தது. கொசுக் கூட்டம் மாதிரி.

அன்றைக்கே என் மகன் கூட்டிக்கொண்டு போனான். விழித்திரையில் ஒரு கிழிசல். நல்ல வேளையாக இன்னும் பிரிந்து வரவில்லை. சுற்றிலும் லேசர் வைத்து ஒட்டினார்கள், இது வேறு லேசர். அந்த டாக்டரம்மா சொன்னது: "மைனஸ் பவர் வர்றதே பெரும்பாலும் கண் நீளமா இருக்கறதாலதான்மா. நீங்க சரி பண்ணினது முன்பக்கத்தை. நீளம் அப்படியேதான் இருக்கு. பின்னாடி ரெட்டினா இழுபட்டு மெலிஞ்சுதான் இருக்கும்." திரை இறங்குவது போல ஒரு பக்கம் மறைக்க ஆரம்பித்தால் மணி கூடப் பார்க்காமல் ஓடி வர வேண்டும் என்றார்.

நாற்பத்திரண்டிலேயே படிக்கிற கண்ணாடி வந்துவிட்டது. அது வயதுக்கு வருவது, லேசர் தடுக்காது. ஒரு வேலை இன்றே செய்யுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த பவர், கருவிழி அளவு எல்லாம் உள்ள ஃபைலைத் தேடி எடுத்து வையுங்கள். நாளைக்குக் கண்புரை வந்தால் உள்ளே வைக்கிற லென்ஸுக்குப் பவர் கணக்கிட அது தேவைப்படும். லேசர் செய்த கண்ணில் வழக்கமான கணக்கு பிசகும். என் ஃபைல் வீடு மாறியபோது போய்விட்டது. மருத்துவமனைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

மலைக்கோட்டை அடிவாரம்

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கும் நீளமான கண்தான். லேசர் இல்லை என்றதும் விழித்திரையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். கீழே சின்னதாக, வருடம் ஒருமுறை பாப்பா விரித்துப் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறது.

அண்ணன் மகளுக்கு ஆறு வயது. அவளும் முட்டியை வைத்துத்தான் தேய்க்கிறாள். வரும் சனிக்கிழமை எனக்கு மேப். அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.