டூ-டோன் கைக்கடிகாரம்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர், வணக்கம்.

பொன்னும் எஃகும் சேர்ந்த, ஆங்கிலத்தில் டூ-டோன் எனப்படும் கைக்கடிகாரத்துக்குத் தமிழ்ப் பெயராக இதுவரை இந்த விவாத இழையில் வந்த சொற்கள் நான்கு: இருநிறம், ஈருலோகம், பொன்னெஃகு, இருபொன். நான்கையும் இரண்டு நாளாக வாயில் போட்டு மென்று பார்த்தேன்.

இருநிறம் எனக்கு ஒப்பவில்லை. ஐந்நூறு ரூபாய்க் கடிகாரத்துக்கு முலாம் பூசினாலும் அது இருநிறம்தான். நாம் பெயர் தேடும் பொருள் அதுவல்ல. ரோலெக்ஸ் நிறுவனம் இந்தப் பொன்-எஃகுச் சேர்க்கைக்கு 1933இல் ரோலெசார் என்ற பெயரைப் பதிவு செய்தது. தன் பெயரோடு, பிரெஞ்சில் பொன்னைக் குறிக்கும் 'ஓர்' என்பதை ஒட்டி உண்டாக்கிய சொல். மஞ்சள் ரோலெசாரில் முகப்பைச் சுற்றிய வளையம், சாவி கொடுக்கும் திருகு, செயினின் நடுக்கண்ணிகள் ஆகியவை 18 காரட் பொன். நடு உடலும் ஓரக் கண்ணிகளும் எஃகு. சுரண்டினால் உள்ளேயும் பொன்தான்.

ஈருலோகம் ஏற்கெனவே ஆள் வைத்த வீடு. பள்ளி இயற்பியலில் ஈருலோகப் பட்டை இருக்கிறது. போதாக்குறைக்கு, பழைய கடிகாரங்களில் வெப்பத்தால் நேரம் பிசகாமலிருக்கப் பித்தளையையும் எஃகையும் ஒட்டிச் செய்த சமன்சக்கரமே (பேலன்ஸ் வீல்) ஈருலோகச் சக்கரம்தான். ஒரே கடிகாரத்தில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்றா?

பொன்னெஃகு அழகு. ஆனால் பொன்னும் எஃகுமா, பொன் போன்ற எஃகா? நாம் உம்மைத்தொகை என்று நினைத்து எழுதுவோம். 'பொன்மேனி' கேட்டுப் பழகிய காது உவமைத்தொகையாக எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் மறுபடி முலாம் கடிகாரத்தில் போய் நிற்போம். தவிர, எஃகு எங்கள் சேலத்தில் பாடநூலோடு சரி. ஆலைக்குப் பெயர் உருக்காலை, ஊர் வாயில் இரும்பாலை.

இருபொன்னில் ஏறக்குறைய உட்கார்ந்தே விட்டேன். ஐம்பொன் தெரிந்தவருக்குப் பொன் என்றால் உலோகமும்தான் என்று விளக்க வேண்டாம். இரும்புக்கே கரும்பொன் என்று பெயர் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் சொன்னேன். பற்றவைக்கும் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்: "உருக்குனதா, கோத்ததா?"

அந்தக் கேள்வியில் இருபொன் விழுந்தது. ஐம்பொன் உருக்கிக் கலந்தது. இங்கே பொன்னும் எஃகும் கலக்கவே இல்லை. (18 காரட் பொன்னிலேயே ஆயிரத்துக்கு 750 பங்குதான் பொன், அந்தக் கலப்பு வேறு கதை.) இந்தக் கடிகாரத்தின் கவர்ச்சியே கலக்காததில் இருக்கிறது என்பது என் எண்ணம். நம் வீடுகளில் கழுத்துக்குப் பொன், காலுக்கு வெள்ளி. இடுப்புக்குக் கீழே பொன் இறங்காது. ஒரே உடம்பில் இரண்டும் எல்லை தாண்டாமல் இருக்கும். இங்கே அந்த எல்லை ஒரு மணிக்கட்டுக்குள் வந்துவிடுகிறது. முழுப் பொன் கடிகாரம் கனம், கல்யாண வீட்டோடு சரி. முழு எஃகோ, சேலத்துக்காரன் கண்ணுக்குச் சாப்பாட்டுத் தட்டு. இரண்டும் சேர்ந்தது மோதிரத்துக்கும் பொருந்தும், ஆபீசுக்கும் போகும். அம்மா மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல காசு பத்தலையா?" என்றார். சித்தப்பாவின் குறை வேறு: பொன் மெத்தென்ற உலோகம், நடுக்கண்ணியில்தான் முதலில் கீறல் விழும். அது சரிதான்.

ஆகவே என் முன்மொழிவு: இணைபொன். வினைத்தொகை. இணைந்த பொன், இணையும் பொன். இணை என்றால் சோடி என்பதும் கூடவே வருகிறது. இணைகோடு, இணைகரம் என்று படித்தவர்களுக்கு இன்னொன்றும் தோன்றும்: அந்தச் செயினில் நடுவே பொன், இருபுறமும் எஃகு, ஒன்றையொன்று தொட்டும் கலக்காமல் இணையாகவே ஓடுகின்றன. பிளாட்டினமும் எஃகும் சேர்ந்தாலும் இதே சொல் தாங்கும். பூச்சு வேலைக்கு முலாம் என்ற சொல் இருக்கவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

சேலத்திலிருந்து

*

வணக்கம் ஐயா. இணைபொன்னுக்கு என் ஓட்டு உண்டு, ஒரு தயக்கத்தோடு. இதைத் தட்டச்சு செய்கிறவர்களில் பாதிப்பேர் 'இணைப்பொன்' என்று ஒற்றுப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அது இணைப்புக் கொடுத்த பொன்னா, பொன்னுக்கு இணையான ஏதோ ஒன்றா என்று புது இழை தொடங்க வேண்டிவரும். இங்கே மேலே வாட்ச் ரிப்பேர் செய்பவர் 'டபுள் கலர் செயின்' என்கிறார். அவரிடம் எந்தச் சொல்லைக் கொண்டுபோனாலும் சிரிக்கத்தான் போகிறார்.

ஏற்காட்டிலிருந்து

*

ஐயா, இணைகோட்டுக்கு யாரும் ஒற்றுப் போடுவதில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைவந்தது நமக்கும் வரும். ரிப்பேர்காரர் சிரிக்கட்டும். இரண்டு மாதம் கழித்து, அதே செயினில் நடுக்கண்ணி முலாமா இணைபொன்னா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். 'டபுள் கலர்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. முகப்பு வளையத்துக்கு நீங்கள் போன வாரம் சொன்ன 'விளிம்புவளை' எனக்கு இன்னும் சரிப்படவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

சேலத்திலிருந்து