'கெலிங்' என்று யார் அழைக்கலாம்? வழி சொல்லுங்கள்

பினாங்கு, பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் உறுமி மேளக் குழுவில் தமிழ் இளைஞர்கள், மலேசியாவில் இந்தியர்களை இழிவாகக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல்லால் ஒருவரையொருவர் உரிமையோடு அழைத்துக்கொள்வார்கள். தைப்பூசத்திற்குப் பிறகு சேர்ந்த மலாய், சீன நண்பர்களும் அவ்வாறே அழைக்கத் தொடங்கியதிலிருந்து, அந்த வசையைக் கேட்டு வளர்ந்த மூத்தவர்கள் பயிற்சி முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் உறுமியை உறையிலிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

நண்பர்களிடம் தனியாக எடுத்துச் சொன்னோம். 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரைச் சொல்லலாமென்றால் இது ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டார். இடத்தின் பெயரும் ஆளைப் பார்த்து அழைப்பதும் ஒன்றல்ல என்று விளக்கியும் அவர் சமாதானமாகவில்லை. எல்லோருக்கும் தடை விதித்தபோது, தங்கள்மீது எறியப்பட்ட சொல்லைத் தாங்களே எடுத்துக்கொண்டதாக வாதிடும் எங்கள் இளைஞர்கள் மறுத்தார்கள். அதில் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன்.

நண்பர்களை விலக்காமலும் மூத்தவர்கள் மனம் நோகாமலும், இதற்கான வரம்பை உங்கள் குழுக்களில் எப்படி வகுத்தீர்கள்?