ஐந்தாவது கோல்

குழு: பாட்டா வீடு

ஞாயிறு இரவு

சித்தி: வீடியோ எல்லோரும் பார்த்தீர்களா? பங்குத் திருவிழாக் கோப்பையில் 4-0 என்று இருக்கும்போது நம் பிள்ளை அடித்த ஐந்தாவது கோல். அரையிறுதிக்குப் போயாச்சு!

அண்ணன்: பார்த்தேன் சித்தி, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு பேரைப் பந்தோடு வெட்டித் தாண்டி, கீப்பரையும் ஏமாற்றி, கோட்டில் பந்தை நிறுத்தி, படுத்துக்கொண்டு தலையால் தள்ளினானே! ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில்கூட இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பொளந்துட்டான்.

சித்தப்பா (தோஹா): ஆட்டம் நன்றாக இருந்தது. ஆனால் கோல் அடித்த பிறகு எதிர் டீம் கூட்டத்துக்கு முன்னால் போய் ‘இப்போது கத்துங்கள்’ என்பதுபோல் எதற்குக் காதில் கை வைத்தான்? ரெஃப்ரி எச்சரித்து மஞ்சள் அட்டை காட்டியது அதற்கா?

தம்பி: அந்த ரெஃப்ரி எனக்குச் சும்மா கொடுத்தார் அப்பா. கோல் அடித்தால் கொண்டாடக்கூடாதா? படுத்துக்கொண்டு அடிக்கக்கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது?

நான்: எந்த விதியிலும் இல்லை தம்பி. கோல் செல்லும். அட்டை அந்தச் செய்கைக்கு. ஆட்ட விதிகளில் 12-வது விதியைப் படித்துப் பார். கொண்டாடலாம் என்றுதான் அதில் இருக்கிறது. ஆத்திரமூட்டும்படியோ கேலியாகவோ சைகை காட்டினால் மஞ்சள் அட்டை என்பதும் அதிலேயே இருக்கிறது. பள்ளியில் நான் விசில் ஊதும் ஆட்டமாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அண்ணன்: நீ பி.டி. டீச்சர், அப்படித்தான் சொல்வாய். ஜனம் எதைப் பார்க்க வருகிறது? இந்த மாதிரி வித்தையைத்தானே. பிரேசில்காரர் ரொனால்டினோவை நாம் எல்லோரும் எதற்காகப் பார்த்தோம்?

மைனி: ஒன்று சொல்லட்டுமா? அந்த கீப்பர் என் அண்ணன் மகன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். அவர்களுடைய வழக்கமான கீப்பர் ஆழ்கடலுக்குப் போன போட் இன்னும் கரைக்கு வரவில்லை. ஆள் இல்லாததால் இவனை நிறுத்தினார்கள். அவன் தரையில் கிடக்கும் இடத்தில் வீடியோவை நிறுத்தி யாரோ ஸ்டிக்கர் ஆக்கியிருக்கிறார்கள். அது எங்கள் ஊர் குழுவுக்கே வந்துவிட்டது. பிள்ளை ராத்திரி சாப்பிடவில்லை.

சித்தி: ஐயோ, எனக்குத் தெரியாதே மகளே.

அண்ணன்: ஸ்டிக்கர் தப்பு. யார் செய்திருந்தாலும் தப்பு. ஆனால் அதற்காக வித்தையையே குறை சொல்லமுடியாது.

நான்: யாரும் வித்தையைக் குறை சொல்லவில்லை அண்ணா. ரொனால்டினோ பெயரை எடுத்தாய், அதையே பார்ப்போம். 2005 நவம்பரில் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் அவர் ஆடிய பார்சிலோனா 3-0 ஜெயித்தது. ரொனால்டினோ இரண்டு கோல். மாட்ரிட்டின் தடுப்பாட்டக்காரர் ராமோஸைத் தாண்டிப் போன வேகம் உனக்கு நினைவிருக்கும். மாட்ரிட் ரசிகர்களே எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் போட்ட ஒவ்வொரு வெட்டும் கோலை நோக்கிப் போனது. தாண்டிய பிறகு ராமோஸைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதனால்தான் எதிரிக் கூட்டத்தால் கை தட்ட முடிந்தது.

அண்ணன்: சரி. மெஸ்ஸி? அடக்கத்துக்கு எல்லோரும் அவரைத்தான் சொல்வீர்கள். 2017 ஏப்ரலில் பார்சிலோனாவுக்காக அதே மைதானத்தில் கடைசி நிமிடத்தில் கோல் அடித்து, சட்டையைக் கழற்றி, தன் பெயர் தெரியும்படி கூட்டத்துக்கு முன்னால் பிடித்தாரே! அதற்கும் மஞ்சள் அட்டைதான். ரொனால்டோ செய்தால் திமிர், மெஸ்ஸி செய்தால் வரலாறா?

தம்பி: அதான் அண்ணா, கேளுங்க!

நான்: நியாயமான கேள்வி. மெஸ்ஸி செய்தது எனக்கும் பிடித்த காரியம் இல்லை. ஆனால் ஆட்டம் 2-2. முழங்கை பட்டு வாயில் ரத்தம். எதிரே நிற்பது உலகத்தின் பெரிய டீம்களில் ஒன்று, சுற்றிலும் அவர்களுடைய கூட்டம். வலியவனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்துவதும் 4-0 என்று முன்னால் இருக்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு முன்னால் படுத்துக் காட்டுவதும் எப்படி ஒன்றாகும்?

நான்: அப்புறம், அதே ஆண்டு ஆகஸ்டில் பார்சிலோனா மைதானத்தில் மாட்ரிட்டுக்கு ஆடிய ரொனால்டோ அதேபோல் சட்டையைக் கழற்றிக் காட்டினார். ஒரு மஞ்சள். கொஞ்ச நேரத்தில் வேண்டுமென்றே விழுந்தார் என்று இரண்டாவது மஞ்சள், வெளியே. போகும்போது ரெஃப்ரியின் முதுகில் கை வைத்துத் தள்ளியதால் மொத்தம் 5 ஆட்டத் தடை. முதல் அட்டை வாங்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஆட்டத்தை முடித்துவிட்டு வந்திருப்பார்.

அண்ணன்: ரொனால்டோ உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதே.

நான்: சொல்லமாட்டேன். அந்த உழைப்பை நான் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறேன்.

திங்கள் காலை

சித்தப்பா (தோஹா): இரவு டூட்டியில் இருந்தேன், இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். 2022-ல் இங்கே உலகக் கோப்பை நடந்தபோது கலீஃபா ஸ்டேடியத்தில் ஜப்பான் ஜெர்மனியை 2-1 என்று தோற்கடித்தது. ஊரே அதிர்ந்த வெற்றி. ஆட்டம் முடிந்ததும் ஜப்பான் ரசிகர்கள் நீலப் பையை எடுத்து இருக்கைக்கு இடையில் குப்பை பொறுக்கினார்கள். அவர்கள் போட்ட குப்பை மட்டுமா, எல்லாக் குப்பையும். வீரர்கள் உடை மாற்றும் அறையைத் துடைத்து வைத்து, காகிதக் கொக்கு மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். ஜெயித்த அன்றைக்கு இதைச் செய்தார்கள் மக்களே.

தம்பி: அப்பா, நான் குப்பையும் பொறுக்குவேன், பிரச்சினை இல்லை. ஆனால் 4-0 ஆன பிறகு நான் என்ன செய்யவேண்டும்? கோல் அடிக்காமல் சும்மா நிற்கவா? அதுவும் அவர்களை மட்டம் தட்டுவதுதானே?

நான்: இது நல்ல கேள்வி தம்பி. சும்மா நிற்கக்கூடாது. பாவம் பார்த்து பந்தைத் தட்டிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய அவமானம். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனி பிரேசிலை 7-1 அடித்ததே, இடைவேளையிலேயே 5-0. பிரேசிலின் சொந்த மண், ரசிகர்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். உடை மாற்றும் அறையில் என்ன பேசினோம் என்று ஜெர்மனி வீரர் ஹும்மல்ஸ் பிறகு சொன்னார். கவனம் சிதறாமல் ஆடவேண்டும், அவர்களைச் சிறுமைப்படுத்தும் விளையாட்டுக் காட்டக்கூடாது என்பதே பேச்சு. இரண்டாம் பாதியில் மேலும் இரண்டு கோல் அடித்தார்கள். அடிப்பதை நிறுத்தவில்லை. படம் காட்டவில்லை, அவ்வளவுதான்.

சித்தி: பெண்கள் ஆட்டத்தில் அமெரிக்கா 13 கோல் அடித்தது என்று நீதானே ஒருமுறை சொன்னாய்?

நான்: ஆமாம் சித்தி, 2019 உலகக் கோப்பை, தாய்லாந்துக்கு எதிராக 13-0. குரூப் ஆட்டத்தில் கோல் வித்தியாசம் கணக்கில் வரும் என்பதால் அடித்ததில் தவறே இல்லை. பத்தாவது, பதினோராவது கோலுக்கும் குதித்துக் கொண்டாடியதில்தான் சண்டை வந்தது. உலகக் கோப்பையில் முதல் கோல் அடிக்கும் பெண் குதிக்காமல் இருப்பாளா என்று ஒரு பக்கம். எதிரே நிற்பவர்களையும் பார் என்று இன்னொரு பக்கம். நான் எங்கள் பள்ளிப் பெண்களுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது அவர்களே இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். எனக்குப் பிடித்தது ஆட்டம் முடிந்த பிறகு நடந்தது. அமெரிக்க வீராங்கனை கார்லி லாய்ட் தாய்லாந்து கீப்பரிடம் போய்த் தேற்றினார். அடுத்த ஆட்டத்தில் ஸ்வீடனிடம் 5-1 தோற்றபோது தாய்லாந்து அடித்த அந்த ஒரு கோலுக்கு அவர்களுடைய அணி மேலாளர் அழுதே விட்டார். அந்தக் கொண்டாட்டத்தை யாரும் குறை சொல்லவில்லை.

மைனி: 13 வாங்கிய கீப்பர் அடுத்த நாள் எப்படி எழுந்து பயிற்சிக்குப் போயிருப்பாள்? அதைத்தான் நான் யோசிக்கிறேன்.

பாட்டா: (குரல் பதிவைச் சித்தி தட்டச்சு செய்தது) மக்களே, நான் சொல்வதையும் கேளுங்கள். கரிஞ்சா என்று பிரேசிலில் ஒருத்தன். கால் இரண்டும் வளைந்தவன். 1958 உலகக் கோப்பைக்கு முன்னால் இத்தாலியில் ஃபியோரென்டினா டீமோடு ஆட்டம். எல்லோரையும் வெட்டி, கீப்பரையும் வெட்டி, கோல் திறந்து கிடக்க, தடுக்கிறவன் ஓடி வரட்டும் என்று காத்து நின்றான். அவன் வந்ததும் இன்னொரு தடவை வெட்டிவிட்டு உள்ளே போட்டான். கூட ஆடினவர்களுக்கே கோபம். உலகக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டத்தில் அவன் இறங்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் ரஷ்யாவுக்கு எதிராக இறங்கினான், பீலேயும் அன்றைக்குத்தான் முதல்முறை. அதற்கப்புறம் பிரேசில் கோப்பையைக் கொண்டுபோனது. வித்தை அவனிடம் அப்படியே இருந்தது. ஆனால் கூட ஆடுகிறவனே கோபப்படும்படி வீணாகக் காத்து நிற்பது வித்தை இல்லை மக்களே.

அண்ணன்: பாட்டா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பாட்டா: திருவனந்தபுரத்தில் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்துக்கு ஆட்டம் பார்க்கப் போவோம் லே. இருட்டும்வரை கேலரியில் இதுதான் பேச்சு. ஐ.எம். விஜயன் கேரளா போலீஸுக்கு ஆடுவதையும் அங்கே பார்த்திருக்கிறேன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். முதுகு கோலைப் பார்த்திருக்கும், பந்து தலைக்கு மேலே போய் உள்ளே இருக்கும். கீழே கிடக்கிற கீப்பருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் திரும்புவான். எனக்கு அந்தக் கோலைவிட அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தம்பி: நீங்கள் சொல்வது எல்லாம் புரிகிறது. ஆனால் ஒன்று யாரும் யோசிக்கவில்லை. இந்தக் கடற்கரையில் எத்தனை பேர் நன்றாக ஆடுகிறோம். செலக்‌ஷனுக்குச் சென்னை போனால் கூட்டத்தில் ஒருவனாக ஓரத்தில் நின்றுவிட்டு வருகிறோம். பந்து கேட்கக்கூட வாய் வராது. ஏதாவது காட்டினால்தானே பார்ப்பார்கள்? அந்த வீடியோவை எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் தெரியுமா?

அண்ணன்: இது உண்மை. நானும் அப்படி ஓரத்தில் நின்றவன்தான்.

நான்: இதை ஒத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகளிடம் நான் போராடுவதே இதோடுதான். பயந்து பதுங்குவதை நாம் அடக்கம் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். பந்து கேள், கத்து, இரண்டு பேர் வந்தாலும் வெட்டிப் பார். சுனில் சேத்ரி 2018-ல் என்ன செய்தார்? மும்பையில் சீன தைபேயை, அதாவது தைவானை, 5-0 ஜெயித்து, தானே ஹாட்ரிக் அடித்த ஆட்டத்துக்குக் கேலரி காலியாகக் கிடந்தது. இந்தியாவின் கேப்டன் கேமராவுக்கு முன்னால் நின்று, எங்களைத் திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டார். கென்யாவோடு அடுத்த ஆட்டம், அவருக்கு 100-வது ஆட்டம், டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. வாய் திறந்து கேட்டதால் அவர் சிறியவர் ஆகவில்லை. அவர் ஆட்டத்துக்காகக் கேட்டார். நீ கையைக் காதில் வைத்தது யாருக்காக?

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை.)

திங்கள் மாலை

மாமா: போட் இப்போதுதான் தேங்காப்பட்டணம் வந்தது. சிக்னல் கிடைத்ததும் இத்தனை மெசேஜா என்று பயந்துபோனேன். எல்லாவற்றையும் படித்துவிட்டேன், வீடியோவும் பார்த்தேன்.

மாமா: மருமகனே, கடலில் இன்னொருத்தன் இன்ஜின் நின்றுபோனால் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வருவோம். அவனைச் சுற்றி நம் போட்டை ஓட்டிக் காட்டமாட்டோம். நாளைக்கு நம் இன்ஜினும் நிற்கும்.

மாமா: நம் கடற்கரையில் இருந்து போன மைக்கேல் சூசைராஜைப் பார்த்துத்தானே நீங்கள் எல்லோரும் ஷூ கட்டினீர்கள். ஐ-லீக், ஐ.எஸ்.எல். என்று நாட்டின் பெரிய லீக் எல்லாம் ஆடினவர். 2020 நவம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸோடு சீசனின் முதல் ஆட்டம், முழங்கால் போய்விட்டது. அந்த சீசனே அத்தோடு முடிந்தது. ஏ.டி.கே. மோகன் பகான் மாதிரி ஒரு டீமில் இருக்கும்போதே அப்படி. பிறகு உட்கார்ந்து, நடந்து, ஓடி, திரும்பவும் ஜெர்சி போட்டார். காலை நம்பி வாழ்கிறவனுக்கு நாளைக்கு என்ன என்று தெரியாது. அதனால்தான் கீழே கிடக்கிறவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வராது.

தம்பி: மாமா, அரையிறுதியில் என்னை உட்கார வைக்கச் சொல்வீர்களா?

மாமா: எதற்கு? நீ ஆடு. அந்த இரண்டு பேரை வெட்டினாயே, அதை நானே கை தட்டிப் பார்த்தேன். இடது காலால் போனது இன்னும் அழகு. செலக்‌ஷனுக்கு வருகிற ஆட்கள் அதைத்தான் பார்ப்பார்கள். பந்து போன பிறகு திரும்பி ஓடி வருகிறாயா என்பதையும் பார்ப்பார்கள். வீடியோவில் அது இல்லை. நான்கு இடத்தில் நீ இடுப்பில் கை வைத்து நின்றாய் என்று உன் கோச்சே இப்போது போனில் சொன்னார்.

சித்தி: அதைச் சொல்லுங்கள் அவனுக்கு!

தம்பி: ஸ்டேட்டஸில் இருந்து வீடியோவை எடுத்துவிட்டேன். ஸ்டிக்கர் நான் செய்தது இல்லை. யார் செய்தது என்று தெரியும். அழிக்கச் சொல்லிவிட்டேன், அவர்கள் ஊர் குழுவிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். படுத்துக்கொண்டு அடித்தது இப்போதும் எனக்குப் பிடித்த கோல்தான், பொய் சொல்லமாட்டேன். அந்தக் கை வைத்தது மட்டும் வேண்டாதது.

அண்ணன்: இது போதும்டா.

நான்: எனக்குப் போதாது. 4-0 என்று இருக்கும்போது அந்தக் கோலும் வேண்டாதது என்பதுதான் என் கட்சி. இதை நேரில் பேசுவோம் தம்பி, நீ வாதாடு, நான் கேட்கிறேன்.

தம்பி: சரி அக்கா. மைனி, அவன் நம்பர் தருவீர்களா?

மைனி: போனில் வேண்டாம். நேரில் போ. பள்ளி விட்டதும் எங்கள் ஊர்க் குருசடிக்குப் பின்னால் மணலில்தான் ஆடுவார்கள். இன்றைக்கு அவன் வரவில்லை. நாளைக்கு என் அண்ணன் கூட்டிக்கொண்டு வருவார்.

தம்பி: போகிறேன். பந்து எடுத்துக்கொண்டு போகிறேன். அவன் கிளவுஸ் வைத்திருக்கிறானா? அன்றைக்கு வெறும் கையோடு நின்ற மாதிரி இருந்தது.

மைனி: அவனுக்கு ஏது கிளவுஸ். பெரிய கீப்பருடையது கடலுக்குப் போன போட்டிலேயே இருக்கிறது.

சித்தப்பா (தோஹா): கை அளவைக் கேட்டு அனுப்பு மகளே. வெள்ளிக்கிழமை இங்கிருந்து ஊருக்கு வருகிற ஆள் இருக்கிறார்.