தூங்கி வழியும் நீதிபதியா?

சிங்கப்பூரில் சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் நடுநிலை பற்றிய சொற்கள். 'ஃபேர்', 'அன்பயஸ்டு', 'இம்பார்ஷியல்' எல்லாம் சிக்கலில்லாமல் போயின. நீதிபதி 'டிஸ்இன்ட்ரஸ்டட்'டாக இருக்க வேண்டும் என்று எழுதியதும் சிச்சுவான் பெண் ஒருவர் சிரித்துவிட்டார். "லாவ்ஷி (ஆசிரியரே), தூங்கி வழியும் நீதிபதியா?" கைப்பேசி அகராதியைத் திருப்பிக் காட்டினார். முதல் பொருளே 'ஆர்வமில்லாத' என்றுதான் இருந்தது. அகராதியைக் குறை சொல்ல முடியாது, ஆங்கிலேயர்களிலேயே பலர் இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள்.

என் அரைகுறைச் சீனம் அன்று கைகொடுத்தது. ஆதாயத்துக்கு 'லீயி', ஆர்வத்துக்கு 'சிங்ச்சூ' என அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு (நமக்கும் அப்படித்தான்). ஆங்கிலத்தில் இரண்டும் 'இன்ட்ரஸ்ட்' என்ற ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. வழக்கில் லீயி இல்லாதவர் டிஸ்இன்ட்ரஸ்டட், சிங்ச்சூ இல்லாதவர் அன்இன்ட்ரஸ்டட். பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ பாவ் ச்சிங்தியன் டிஸ்இன்ட்ரஸ்டட்!" சீனாவின் சோங் வம்ச காலத்து நீதிபதி பாவ் ஜெங்கைத்தான் அப்படி அழைப்பார்கள், 1062இல் இறந்தவர். மேடை நாடகங்களில் கறுப்பு முகமும் நெற்றியில் பிறையுமாக வருவார். தப்பு செய்த சொந்த அண்ணன் மகனுக்கே மரண தண்டனை கொடுப்பார். அதற்குமேல் விளக்க எனக்கு வேலையில்லை.

மறுமொழி:
எங்கள் அலுவலகக் கதை வேறு. தைவான்காரர் ஒருவருக்கு ஆண்டு மதிப்பீட்டில் 'ஃபேர்' என்று வந்தது. தன்னை நியாயமானவர் என்று பாராட்டியிருக்கிறார்கள் என நினைத்து, மேலாளருக்கு நன்றி சொல்லக் கிளம்பிவிட்டார். 'சுமார்' என்றுதான் அர்த்தம் என்பதை நான் சொல்ல வேண்டியதாயிற்று. போனஸ் வந்த அன்று அவர் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

மறுமொழி:
கோலாலம்பூரில் எதிர்வீட்டுச் சீன அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மகளின் புத்தகத்தில் 'ஈவன்-ஹேண்டட்' என்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். பாரபட்சம் பார்க்காதவர் என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்: ஒரு கிண்ணம் நீரை ஒரு பக்கமும் சாயாமல் மட்டமாக ஏந்துவது! பிள்ளைகளை ஒன்றுபோல நடத்துவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். பதிலுக்கு நம் 'ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு' கதையைச் சொன்னேன். கண் போய்விடாதா என்று பதறிவிட்டார். அந்த நேரம் பார்த்து மகள் வந்து, தம்பிக்கு மட்டும் ஏன் பெரிய மாம்பழம் என்று கேட்டாள்.