பாஸ்த்ரூவுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு லினக்ஸ் ஆய்வகக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மெய்நிகர் பொறிக்கு (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்கு) வரைகலை அட்டையை அப்படியே கொடுக்கிறோமே, ஜிபியு பாஸ்த்ரூ, அதற்குக் ‘கடத்தல்’ என்று போட்டிருந்தேன். ‘கடத்திய அட்டையில் திரை கருப்பாக இருந்தால்’ என்று வகுப்பில் வாசித்தேன். ‘கஸ்டம்ஸில் பிடித்திருப்பார்கள் சார்’ என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை. வேறு சொல் தாருங்கள்.

---

வாத்தியாருக்கு,

கடத்தலில் குற்றமில்லை. ‘கட’ தன்வினை, ‘கடத்து’ பிறவினை. மின்கடத்தி என்று பள்ளியில் படித்தபோது யாரும் சிரிக்கவில்லையே. வேண்டுமானால் ‘ஊடுகடத்தல்’ என்க. ஊடு என்றால் இடை. நெசவில் பாவுக்குக் குறுக்கே ஓடுவது ஊடை. ஊடுருவல், ஊடகம் எல்லாம் அவ்வழியே. காதலர் இருவருக்கு இடையே புகுவதால் ஊடலும் இதே வேர் என்பது என் வெகுநாள் எண்ணம். வள்ளுவரும் கடைசிக் குறளான 1330ஐ ‘ஊடுதல்’ என்றுதானே தொடங்குகிறார்.

---

புலவர் ஐயா, எங்கட பக்கம் தெருவைக் கடக்கும் இடம் பாதசாரிக் கடவை, தண்டவாளத்தில் புகையிரதக் கடவை. ‘ஊடுகடவை’ என்று வையுங்கோ. பெடியள் சிரிக்க மாட்டினம்.

---

> ஊடுகடவை

ஐயா, அண்ணா, இரண்டு பேரும் கோபிக்காதீர்கள். ‘ஊடு’தான் சிக்கலே. இங்கே எதுவும் எதன் ஊடாகவும் போவதில்லை. ஓம்புநர் கணினி, அதாவது பொறியைத் தாங்கும் அசல் கணினி, அட்டையிலிருந்து தன் இயக்கியை (டிரைவரை) விலக்கிக்கொள்கிறது. அட்டையைப் பொறிக்கென ஒதுக்கிவைக்கும் விஎஃப்ஐஓ இயக்கி அதைப் பிடித்துக்கொள்ள, மெய்நிகர் பொறிக்குள் இருக்கும் விண்டோஸ் தன் சொந்த இயக்கியை ஏற்றுகிறது. படம் அந்த அட்டையின் எச்டிஎம்ஐ துளையில்தான் வரும். கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டுக் கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளை எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! கேட்டால், ‘பாஸ் ஆகி இங்கேதானே வரும் அக்கா?’ ஆங்கிலச் சொல்லே அவர்களை ஏமாற்றுகிறது, அதைப் போய் நாம் மொழிபெயர்க்க வேண்டுமா?

என் ஓட்டு ‘தாரைவார்ப்பு’. கொடுப்பவருக்கு அதன்பின் உரிமையில்லை. அட்டையின் ஒலிப்பகுதியும் சேர்ந்தே போக வேண்டும், பசுவோடு கன்று போகிற மாதிரி. ஒரே ஐஓஎம்எம்யு குழுவில் (வன்பொருள் ஒன்றாகக் கட்டிவைக்கும் சாதனத் தொகுப்பில்) இருப்பதைப் பிரித்துக் கொடுக்க முடியாது.

---

அம்மா, விளக்கம் அருமை, கையேட்டில் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் தாரைவார்ப்பு என்றால் என் பையன்களுக்குப் புறம்போக்கு நிலம்தான் ஞாபகம் வரும். தவிர, பொறியை நிறுத்தினால் அட்டை திரும்பி வர வேண்டுமே?

---

சார், சில ஏஎம்டி அட்டைகள் திரும்பி வராது. ரீசெட் ஆகாமல் தொங்கிவிடும், முழுக் கணினியையும் மறுபடி துவக்கினால்தான் உண்டு. அந்த வகையில் தாரைவார்ப்பே சரி :-)

வீட்டை ஒத்திக்கு விடுகிறோமே, அது பொருந்தாதா? பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை குடியிருப்பவர் கையில், அப்புறம் நம் கையில்.

---

ஒத்தி கொச்சை. ஒற்றி என எழுதுக. திருவொற்றியூர் என்றுதானே எழுதுகிறோம்? ஆனால் ‘ஒற்றிவைத்த அட்டை’ என்றால் வேலையை நாளைக்குத் தள்ளிவைத்ததாகப் படும்.

---

ஐயா, தொல்காப்பியரே திசைச்சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறார். பாஸ்த்ரூ அப்படியே இருக்கட்டும். விண்டோஸ் அட்டையை ஓட்ட மறுத்துக் காட்டும் 43ஆம் எண் பிழையில் மாணவன் மாட்டினால் இணையத்தில் எதைத் தேடுவான், ஒற்றியையா? மெய்நிகர் பொறியில் ஜிஃபோர்ஸ் அட்டைக்கு என்விடியா 2021இல், 465 வரிசை இயக்கியில்தான் கதவைத் திறந்தது. அதுவரை ஹைப்பர்வைசரை, அதாவது பொறியை ஓட்டும் மென்பொருளை, ஒளித்துவைக்க ஆட்கள் கண்டுபிடித்த வித்தையெல்லாம் பாஸ்த்ரூ என்ற பெயரில்தான் கிடக்கிறது.

---

நண்பர்களே, மணி பதினொன்று. எண்ணிப் பார்த்தேன்: தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து, அங்கே முன்மொழிந்த ‘நேர் ஒப்படைப்பு’ நான்கு, பாஸ்த்ரூ மூன்று, தாரைவார்ப்பு ஒன்று, ஊடுகடவை ஒன்று. முதலில் வரும் இடத்தில் ‘பாஸ்த்ரூ எனும் நேர் ஒப்படைப்பு’ என்றும், பிறகு ஒப்படைப்பு என்றும் போட்டு அனுப்புகிறேன். திரை கருப்பானால் முதலில் கேபிளைப் பார் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டேன்.

---

‘நேரொப்படைப்பு’ எனச் சேர்த்து எழுதுக. ஊடு குறித்து நாளை விரிவாக எழுதுவேன்.