துப்பறியும் கேம் ஜாம் விளையாட்டில் தடயத்தை எங்கே ஒளிப்பது?

பொருநைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, 72 மணி நேரத்துக்குள் ஒரு விளையாட்டை உருவாக்கி முடிக்க வேண்டிய கேம் ஜாம் ஒன்றுக்காக, திரையில் உள்ள பொருள்களைக் கிளிக் செய்து ஆடும் ஒரு சிறிய ‘பாயிண்ட் அண்டு கிளிக்’ விளையாட்டை உருவாக்கினோம். இப்போது அதைத் திருத்தி மறுபதிப்பாக வெளியிட முயல்கிறோம். கதை 2091ஆம் ஆண்டில், கிருஷ்ணாபுரத்தை ஒட்டிய ஒரு கற்பனைப் புவிகாந்த ஆய்வு நிலையத்தில் நடக்கிறது. இரவுப் பணியில் இருந்த பொறியாளரைக் காணவில்லை. அறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கிறது. புவியின் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியின் பதிவுத் தாளில் மட்டும் வழக்கத்துக்கு மாறான ஒரு கூர்மையான மேடு தெரிகிறது. அன்றிரவு ஏதோ ஒன்று நிலையத்தின் அருகே வந்து நின்றது என்பதை ஆடுபவரே கண்டறிய வேண்டும்.

அந்த உண்மை இப்போது மேசைக்காலின் அருகே கிடக்கும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஆடிப் பார்த்தவர்களில் பலர் சீட்டு கண்ணில் படாமல் திரையெங்கும் கிளிக் செய்துகொண்டிருந்தார்கள். கண்டெடுத்தவர்களோ படித்த மாத்திரத்தில், யோசிக்க எதுவுமில்லாமல், இறுதிக் காட்சிக்குப் போய்விட்டார்கள். சீட்டைப் பெரிதாக வரைந்தால் முதல் குறை தீரும். இரண்டாவது குறை இன்னும் பெரிதாகும். இதற்கு என்ன வழி?

இன்னொரு கேள்வியும் உண்டு. வசனங்கள் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் தோன்றும்போது, ‘கொ’ என்ற எழுத்தில் முதலில் ‘க’ வந்து, பிறகு கொம்பு முன்னே தாவுகிறது. விளையாட்டை உருவாக்க நாங்கள் பயன்படுத்தும் கோடோ எஞ்சின் என்ற மென்பொருளில் இதைச் சரிசெய்ய முடியுமா?

கொக்கிரகுளம் எழுதியது:

தம்பி, சீட்டையே எடுத்துவிடுங்கள். துப்பறியும் விளையாட்டில் தடயம் எல்லோருடைய கண்ணிலும் பட வேண்டும். இரண்டு தடயங்களுக்கு இடையே உள்ள தொடர்பு மட்டுமே மறைந்திருக்க வேண்டும். பொருளை ஒளித்தால் நீங்கள் சோதிப்பது ஆடுபவரின் பொறுமையை. தொடர்பை ஒளித்தால்தான் அவருடைய அறிவுக்கு வேலை கிடைக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஹாட்ஸ்பாட்டுகள், அதாவது கிளிக் செய்யக்கூடிய இடங்கள், எல்லாம் ஒளிரும்படி தயங்காமல் வைத்துவிடுங்கள். அதனால் எளிதாகிவிடும் புதிர் முதலிலிருந்தே புதிராக இருந்ததில்லை.

1987இல் வந்த மேனியாக் மேன்ஷன் விளையாட்டைப் போலத் திரையின் அடியில் ‘திற’, ‘எடு’ என்று வினைச்சொற்களை அடுக்கவும் வேண்டாம். இவ்வளவு சிறிய விளையாட்டுக்கு ஒரே கிளிக் போதும்.

முடிவில், ஆடுபவர் நேரம், காரணம், இடம் ஆகிய மூன்றையும் தாமே தேர்ந்தெடுத்து ஒன்றாகச் சமர்ப்பிக்கட்டும். தவறாக இருந்தால், மூன்றில் எது தவறு என்று சொல்லாதீர்கள். சொன்னால், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தே விடையை எட்டிவிடுவார்கள்.

செந்தூர்ச்சாலை எழுதியது:

முன்னவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தத் தொடர்புக்கு வேண்டியதெல்லாம் நம் ஊரிலேயே இருக்கிறது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் உண்மையிலேயே கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. காரணம், புவியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு மிக அருகே செல்கிறது. தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி இங்கே ஏறத்தாழக் கிடைமட்டமாக நிற்கும். அந்தக் கோட்டை ஒட்டி, தரைக்கு மேலே ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. சூரிய ஒளியால் மேல்வளி அயனியாவதே அதற்குக் காரணம் என்பதால், அது நண்பகலை ஒட்டி உச்சம் அடைந்து இரவில் அடங்கிவிடும். ஆகவே அமைதியான நாள்களின் பதிவுத் தாளில் நண்பகலை ஒட்டி ஒரு மேடு எழும்.

இனி உங்கள் புதிருக்கு வருகிறேன். தாள்களில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் அச்சிடுங்கள். அப்படி அச்சிட்டிருப்பதை எங்கும் எழுதாதீர்கள். முந்தைய நாள்களின் தாள்களில் மேடு 06:30இல் இருக்கட்டும். காணாமல்போன நாளின் தாளில் கூர்மையான மேடு 18:30இல் இருக்கட்டும். வாயிற்காவலரின் பதிவேட்டில், மாலை 6.30க்கு ஒரு டிராக்டர் வந்து போனதாக ஒரு வரி வையுங்கள். இரும்பு அருகே வந்தால் காந்தமானி அசையும் என்பதால் எவரும் முதலில் டிராக்டரைத்தான் குற்றம் சாட்டுவார். பகல் மின்னோட்டம் நண்பகலில் உச்சம் அடையும் என்று சுவரில் ஒரு விளக்கப்படம் மாட்டியிருந்தால் போதும். தாளில் 06:30 என்பதே நம் நண்பகல் என்றால் ஐந்தரை மணி நேர வித்தியாசம் தானே விளங்கும். அப்படியானால் 18:30 என்பது நள்ளிரவு. டிராக்டர் அப்போது அங்கே இல்லை.

பொருநைவாசி எழுதியது:

ஐயா, இதை இன்றே செய்து பார்க்கிறோம். ஒரே ஓர் ஐயம்: நள்ளிரவில் காந்தப்புயல் (சூரியனின் சீற்றத்தால் புவியின் காந்தப்புலம் குலைவது) வீசியிருக்கலாமே என்று விவரம் தெரிந்த ஒருவர் கேட்டால் என்ன சொல்வது?

செந்தூர்ச்சாலை எழுதியது:

சரியான கேள்வி. அதற்கு மும்பைக்கு அருகிலுள்ள அலிபாக் நிலையத்தின் தாளையும் மேசைமேல் வையுங்கள். பகல் மின்னோட்டத்தின் வலிமையைக் கணக்கிட, திருநெல்வேலி அளவிலிருந்து அலிபாக் அளவைக் கழிப்பது ஆய்வாளர்களின் வழக்கமான முறை. காந்தப்புயல் இரு நிலையங்களிலும் தெரியும். ஆடுபவர் ஒரு தாளை இழுத்து மற்றொன்றின்மேல் பொருத்தும்போது, அலிபாக் கோடு அந்த நள்ளிரவில் அசையாமல் இருந்தால், காரணம் வானத்தில் இல்லை, நிலையத்தின் அருகிலேயே இருக்கிறது என்பது உறுதியாகும். பம்பாயில் மின்சார டிராம்கள் வரவிருந்ததால்தான் கொலாபாவில் நடந்த காந்த அளவீடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலிபாக்குக்கு மாற்றப்பட்டன. இதை ஒரு பழைய கோப்பில் இரண்டு வரியாக வைத்தால், அருகே வரும் பொருள் காந்தமானியைக் குழப்பும் என்ற விதியும் கதையோடு கதையாகப் பதிந்துவிடும்.

எழுத்தாணி எழுதியது:

எழுத்துச் சிக்கலுக்கு என் பதில். கோடோவின் 3ஆம் பதிப்பில் இருந்தால் 4ஆம் பதிப்புக்கு மாறுங்கள். அதில் எழுத்துகளைச் சரியாக இணைத்து உருவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் சேர்க்கப்பட்டிருப்பதால் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமையும். ஏற்கெனவே 4இல் இருந்தால், வசனத்தைத் திரையில் காட்டும் ரிச்டெக்ஸ்ட்லேபிள் என்ற கூறின் அமைப்புகளில், தோன்றும் எழுத்துகளை உருவமைப்புக்கு முன் எண்ணுவதா, பின் எண்ணுவதா என்ற தெரிவு இருக்கிறது; முன் எண்ணும்போதுதான் ‘க’ தனியாக வந்து பிறகு மாறுகிறது. பின் எண்ணும்படி மாற்றிப் பாருங்கள். அதுவும் நிறைவளிக்கவில்லை என்றால், வசனத்தைச் சொல் சொல்லாகத் தோன்றச் செய்யுங்கள். தமிழில் வாசிக்க அதுவே இதமாக இருக்கிறது என்பது என் கருத்து.