வேலைக்குப் போன ஊர்களில் டாங்கோ ஆடிய அனுபவம்

தேவகோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நூற்பாலை இயந்திரங்களை நிறுவி ஓட்டிக் காட்டுவது என் தொழில். ஆண்டில் பாதிக்கு மேல் வெளிநாட்டில்தான் கழிகிறது. இஸ்தான்புல்லில் நெடுநாள் தங்க நேர்ந்தபோது, மாலைகளில் அறையில் அடைந்து கிடக்க மனமில்லாமல் அர்ஜென்டினா டாங்கோ என்னும் இணை நடனம் கற்கத் தொடங்கினேன். முதல் மூன்று மாதங்கள் நடக்க மட்டுமே கற்றுக்கொடுத்தார்கள். உடல் எடை முழுவதையும் ஒரு காலில் ஊன்றி, துணைவரும் அவ்வாறே ஊன்றிவிட்டார் என்பதை நெஞ்சால் உணர்ந்த பிறகே மறு காலை எடுக்க வேண்டும் என்ற அந்த ஒரு பாடத்தையே இன்றும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எந்த ஊருக்குப் போனாலும், டாங்கோ ஆடுவோர் கூடும் மிலோங்கா எங்கே நடக்கிறது என்று முதலில் விசாரிப்பேன். மொழி தெரியாதவனும் அங்கே அந்நியனாக நிற்க வேண்டியதில்லை. மூன்று அல்லது நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு தாண்டா; அது முடியும்வரை ஒரே துணைவருடன் ஆடி, கொர்த்தீனா என்னும் சிறு இசைத்துண்டு ஒலித்ததும் பிரிய வேண்டும். ஒலிப்பவையும் பெரும்பாலும் 1935 முதல் 1955 வரையிலான பொற்காலத்துப் பதிவுகளே என்பதால், சியோலிலும் பெர்லினிலும் பழகிய பாட்டே காதில் விழும். எங்கள் ஐயா காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்யப் போன நகரத்தார், பினாங்கானாலும் ரங்கூனானாலும், கப்பலை விட்டு இறங்கியதும், நம்மவர் கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருக்கும் கிட்டங்கியைத் தேடிப் போவார்கள். உட்கார்ந்து கணக்கெழுதும் பெட்டியடியும் பாயும் சாப்பாடும் அங்கே தெரிந்தவையாகவே இருக்கும். மிலோங்காவை நான் என் கிட்டங்கி என்றே சொல்வேன்.

ஐயா மூன்றாண்டுக்குச் சம்பளச் சீட்டு என்னும் வேலை ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துப் போன ஊர் சைகோன். வேலை நிமித்தம் நானும் அங்கே போனபோது, நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலில் மாலையில் வலம் வந்து வணங்கிவிட்டு, இரவு மிலோங்காவுக்குச் சென்றேன். டாங்கோவில் ஆடுவோர் வரிசை எப்போதும், கோயில் வலத்துக்கு எதிராக, இடமாகவே சுற்றும். காலில் கோயில் சுற்று இன்னும் தங்கியிருந்ததோ என்னவோ, தொடங்கியதுமே வலப்புறம் திரும்பி, எதிரே வந்த இணையை இடிக்கப் போனேன். என்னுடன் ஆடிய, அறுபது வயது மதிக்கத்தக்க வியட்நாமிய அம்மையார், தம் தோளைச் சற்றே திருப்பி என்னை வரிசையில் சேர்த்துவிட்டார். வழிநடத்த வேண்டியவன் நானாக இருந்தும், அருகில் ஆடியவர்களுக்குக்கூடத் தெரியாதபடி அவர் அதைச் செய்தார். கார்லோஸ் தி சார்லியின் இசைக்குழு நடப்பதற்கென்றே வாசித்தது போன்ற நிதானமான நான்கு பாட்டுகள் அவை. பேசப் பொது மொழி இல்லாததால் கைகூப்பினேன், அவரும் கூப்பினார்.

ஊரில் இருக்கும் நாட்களில், வீட்டு உள்முற்றமான வளவைச் சுற்றிய பத்தியில் தனியே நடந்து பழகுகிறேன். ஆத்தங்குடிப் பூக்கல் புழங்கப் புழங்க வழவழப்பாகிவிடும். முன்பாதத்தில் நின்று திரும்புவதற்கு அதைவிட இசைவான தரையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காரைக்குடியிலிருந்து இன்னோர் உறுப்பினர்:

தேவகோட்டை அண்ணன் எழுதியவற்றில் கண்ணால் அழைக்கும் முறை விடுபட்டிருக்கிறது. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அதில்தான். மென்பொருள் பணிக்காகப் புவெனஸ் ஐரிஸ் சென்றபோது, பலெர்மோ பகுதியிலுள்ள சலோன் கானிங் கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஆண்கள் மேசைக்கு வந்து கைநீட்டுவதில்லை. தொலைவிலிருந்து பார்ப்பார்கள், நாம் பார்வையை விலக்காமல் இருந்தால் தலையசைப்பார்கள். அதற்குக் கபெசெயோ என்று பெயர். அயலார் பார்த்தால் தலையைக் குனிந்துகொள் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நான், ஒவ்வொரு முறையும் குனிந்தேன். அங்கே அதற்கு விருப்பமில்லை என்று பொருள். இரண்டு மணி நேரம் ஒருவர்கூட அழைக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த மூதாட்டி, என் முகவாயைத் தொட்டு நிமிர்த்தி, எதிர்ப்புறம் அமர்ந்திருந்தவர்களைச் சுட்டிக் காட்டினார். வேண்டாம் என்பதை வாய்திறந்து சொல்லாமலே சொல்லவும், கேட்டவர் சபையில் தலைகுனியாமல் இருக்கவும் இப்படியொரு வழி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. நிமிர்ந்தேன். எதிர் வரிசையில் நரைத்த தலை ஒன்று மெல்ல அசைந்தது. அடுத்து வந்தது, டாங்கோவிலேயே மூன்று தட்டு நடையில் அமைந்த வால்ஸ் தாண்டா. மூன்று பாட்டுகளையும் ஆடி முடித்தேன்.